சனிக்குப் பின்னால் ஒரு மௌனம்

கோபத்தை அடக்கத் தெரிந்தவன் என்று என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்வதுண்டு. வேறு எவரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கத்தரிக்கோல், டோர்ச், குடை என்று வீட்டில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் வைத்திருப்பவன் நான். கோபத்துக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறேன். பல வருடங்களாக அந்த இடத்தில் ஒரே ஒருவர்தான் குடியிருக்கிறார். கழுத்தில் பொன்னாடை, கையில் மைக். எல்லாவற்றையும் எழுதிவிட்டால் அவர் வெளியேறிவிடுவார் என்று மகள் சொல்கிறாள். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கிளிநொச்சியில் வாய்க்கால்களுக்கும் மதகுகளுக்கும் படம் கீறுவது என் உத்தியோகம். கோடு ஒரு நூல் விலகினாலும் எனக்கு அன்று சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்ட ஒருவன், காதோரம் நரைத்த பிறகு, இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு கோள்களைப் பற்றி ஒரு புரோகிரசிவ் றொக் இசைத்தொகுப்புச் செய்யப் புறப்பட்டான். (ஓம், கிளிநொச்சியிலதான். சிரிச்சு முடிஞ்ச பிறகு சொல்லுங்கோ, தொடருவம்.)

அந்த இசையை அறியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ஒரு பாட்டு முடிய அரை மணித்தியாலம் பிடிக்கும். தாளம் ஏழில் தொடங்கும், இடையில் பதினொன்றுக்குப் போகும், ஏன் போனது என்று கேட்கக்கூடாது. பாடுபவர் எப்போதாவதுதான் வாய் திறப்பார். என் மனைவி வாசுகியின் விளக்கம் இன்னும் சுருக்கமானது: "பாட்டுத் தொடங்க முதலே கேக்கிற ஆள் களைச்சுப் போற பாட்டு."

சுதன் கிட்டார் வாசித்தான், பாடினான். பரந்தன் சந்தியில் தண்ணீர்ப் பம்பிகளின் மோட்டருக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கும் கடை அவனுடையது. ரிஸ்வானுக்கு முல்லைத்தீவில் ஹாட்வெயார் கடை. அவன் குடும்பம் இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த காலத்தில் பள்ளிக்கூட பாண்ட் வாத்தியக் குழுவில் டிரம்ஸ் அடிக்கப் பழகியவன். நான் கீபோர்ட். மூவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரிஸ்வானின் கடைக்குப் பின்னால் இருந்த களஞ்சியத்தில் பயின்றோம். அங்கே சுவரோடு கூரைத் தகரங்கள் அடுக்கியிருந்தன. நாங்கள் எதை வாசித்தாலும் அவையும் கூடவே வாசித்தன. பதிவு செய்து கேட்டால் தகரம்தான் முன்னால் நின்றது.

தொகுப்பின் கதை இதுதான். நான் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் ஏவிய ஒரு விண்கலம் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது. நாங்கள் மூட்டை முடிச்சோடு ஊர் ஊராக நடந்த வருடங்களிலும் அது தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. அப்படி ஒரு கலம் பூமியை விட்டுப் புறப்படுகிறது. செவ்வாயில் தூசி. (தார் போட முதல் எங்கட வீதியில பஸ் போன பிறகு எழும்பும், அந்தத் தூசி.) வியாழனில் புயல், அது முழுக்க ரிஸ்வானின் கைவேலை. பிறகு சனி. கலம் சனிக்குப் பின்னால் மறையும்போது பூமிக்கு வரும் சமிக்ஞை அறுந்துவிடுகிறது. மூவரும் வாசிப்பதை அப்படியே நிறுத்த வேண்டும். அரை நிமிட மௌனம். பிறகு மறுபக்கத்தால் கலம் வெளியே வர, நான் இரண்டு கைகளாலும் பல சுரங்களை ஒன்றாக அழுத்தி ஒரு பெரிய சுரக்கூட்டைப் போட, அதிலிருந்து கடைசிப் பகுதி தொடங்கும்.

அந்த மௌனம் என்னுடைய யோசனை. அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. உலகத்தில் எவருமே செய்யாத ஒன்றைச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஒஸ்லோவில் சின்ன அளவில் இசை வெளியிடும் ஒருவர் சுதனுக்கு இணையத்தில் பழக்கமானார். எங்கள் தொகுப்பை வெளியிடச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை: மேடையில், ஆட்களுக்கு முன்னால், தொடக்கம் முதல் முடிவு வரை நிற்காமல் வாசித்த பதிவு வேண்டும். வெட்டி ஒட்டியது வேண்டாம். சுதனுக்கோ கனடா விசா வந்துவிட்டது. அடுத்த கிழமை மனைவியிடம் போகிறான். திரும்பி வரும் எண்ணம் அவனுக்கு இல்லை. ஆகவே ஒரு மண்டபம், ஒரு பின்னேரம், ஒரு தரம். தவறினால் மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் தகரத்தோடு போய்விடும்.

மண்டபம் ஒரு சனசமூக சங்கத்தினுடையது. அதன் தலைவரைக் கேட்டபோது அவர் உடனே தந்தார். இப்படித் தருபவர்களிடம்தான் பயப்பட வேண்டும் என்று அன்று எனக்குத் தெரியாது.

"பிரதம விருந்தினர் ஆர்?" என்று கேட்டார்.

"அப்பிடி ஒருத்தரும் இல்லை ஐயா. வாசிக்கிறதும் பதியிறதும் மட்டும்தான்."

"விருந்தினர் இல்லாமல் நிகழ்ச்சியோ? என்ன தம்பி கதைக்கிறீர்? சரி, வேற ஆள் கிடைக்காட்டில் நானே வாறன். உமக்காக."

நான் நன்றி சொன்னேன். (நன்றி சொன்னனான்! அதை நினைச்சால் இப்பவும் பல்லுக் கூசும்.) வரவேற்பு, விளக்கேற்றல், பொன்னாடை, உரை எல்லாம் இசைக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும் என்று மிகப் பணிவாகக் கேட்டுக்கொண்டேன். "நாலு மணிக்கு டாண் எண்டு நிப்பன்" என்றார்.

அறிவிப்பாளர் சிவலிங்கம் மாஸ்ரர். ஓய்வுபெற்ற ஆசிரியர், எந்த மேடையையும் கட்டி மேய்க்கக் கூடியவர். அழைப்பிதழை அவரே எழுதுவதாகச் சொன்னார், நானும் விட்டுவிட்டேன். அதில் "கோள்களைப் போற்றும் இசைமாலை" என்று போட்டிருந்தார். விளைவாக அன்று மண்டபத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் நெற்றி நிறையத் திருநீறோடு வந்திருந்தார்கள். ஒரு பெரியவர் எள்ளெண்ணெய்ப் போத்தலும் கொண்டுவந்திருந்தார். எங்கே விளக்கு என்று என்னிடம்தான் கேட்டார். முன்வரிசையில் சுதனின் அம்மா. மகன் போகப்போகிறான் என்பதற்காக வந்தவர். அவரின் மூத்த மகன், சுதனின் அண்ணன், கடைசிச் சண்டை முடிந்தபின் எங்கே என்று இன்றுவரை அவருக்கு எவரும் பதில் சொல்லவில்லை.

மேடைக்கு நான் அளவுப் படம் கீறியிருந்தேன். எந்த வயர் எந்த வழியால் போக வேண்டும் என்பதற்கு நிறங்கள். கைதட்டலைப் பதிவதற்கு முன்வரிசைக்கு நேரே தனியாக ஒரு மைக். பிரதம விருந்தினரின் கதிரையைக்கூட அளவு தவறாமல் கீறியிருந்தேன். அந்தக் கதிரை நாலு மணிக்கு வெறுமையாக இருந்தது. நாலரைக்கும் வெறுமையாக இருந்தது. ஐந்துக்கு ரிஸ்வான் என் காதருகே வந்தான்.

"அண்ணன், ஆறு மணிக்கு மண்டபத்தை விடோணும். கலியாண வீட்டு ஆக்கள் பூவோட வெளியில நிக்கிறாங்க."

மாஸ்ரரிடம் ஓடினேன். "தொடங்குவம் மாஸ்ரர்."

"பிரதம விருந்தினர் வராமல் விளக்குக் கொளுத்தேலாது."

"கொளுத்தாமல் தொடங்குவம்."

"விளக்குக் கொளுத்தாமலோ! உமக்கென்ன விசரே?"

விசர்தான். அந்த நேரத்தில் எனக்கு வந்த யோசனையை வாழ்நாளின் மிகச் சிறந்த யோசனை என்றுதான் நினைத்தேன். "நீங்கள் கேற்றடியில நில்லுங்கோ மாஸ்ரர். அவர் வந்தால் தேத்தண்ணியும் ரோல்ஸும் குடுத்து, வாசிச்சு முடியும் வரைக்கும் வெளியில வைச்சிருங்கோ. சத்தம் நிண்ட பிறகு உள்ள விட்டால் போதும்."

சத்தம் நின்ற பிறகு. இந்தச் சொற்களைச் சொன்ன வாய் என்னுடையதுதான். மூன்று வருடமாக அந்த மௌனத்தைப் பொத்திப் பொத்தி வளர்த்தவனும் நான்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாதவன் எப்படி இத்தனை வருடம் மதகு கீறினான் என்று வாசுகி இன்றும் கேட்கிறாள்.

தொடங்கினோம். சொன்னால் நம்பமாட்டீர்கள், நன்றாகவே போனது. செவ்வாயில் சுதனின் கிட்டார் தூசி போலவே எழுந்தது. வியாழனில் ரிஸ்வானின் ஏழு தட்டுத் தாளத்துக்குக் கைதட்டப் பார்த்த சனம் நாலாவது தட்டில் வழி தவறி, ஒருவர் கையை ஒருவர் பார்த்து, பேசாமல் விட்டுவிட்டது. எள்ளெண்ணெய்ப் பெரியவர் கண்ணை மூடியிருந்தார். நித்திரையோ பக்தியோ, இரண்டும் எனக்குச் சம்மதம். ஒரு பிழை இல்லை. சனிக்கு வந்தோம். கலம் மறைந்தது. மூவரும் நிறுத்தினோம்.

மௌனம்.

சுதனின் அம்மா எழுந்து நின்றார்.

எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியாக இருக்கட்டும், கமக்காரர் கூட்டமாக இருக்கட்டும், ஒரு நிமிட மௌனத்தோடுதான் தொடங்கும். இன்று அது நடக்கவில்லை என்பது சனத்தின் மனதில் ஒரு குறையாக இருந்திருக்க வேண்டும். சத்தம் அடங்கியதும், இதோ வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். பிறகு அந்த வரிசை. பிறகு பிளாஸ்டிக் கதிரைகள் உரசும் ஒலியோடு முழு மண்டபமும் எழுந்து தலை குனிந்தது. யாருக்காக என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் ஊர் மண்டபங்களில் அதை எவரும் கேட்பதில்லை. ஆளுக்கொரு பெயர் மனதில் இருக்கும்.

எனக்கு முதலில் வந்தது கோபம். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். 'இது உங்களுக்கான மௌனம் இல்லை, இது சனிக்கிரகத்தின் மௌனம்' என்று கத்த வேண்டும் போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் ரிஸ்வான் தடிகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்கிறான். சுதன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கிறான். அவன் பார்வை அம்மாவில் இருந்தது. முழு மண்டபத்திலும் கதிரையை விட்டு எழும்பாத ஒரே ஆள் நான். நானும் எழுந்தேன்.

அரை நிமிடம் போனது. சுரக்கூட்டைப் போட வேண்டியவன் நான். குனிந்த அத்தனை தலைகள்மேல் அதை எப்படிப் போடுவது? இப்படி நிற்பவர்களை இருத்துவதற்கு ஒரு முறை உண்டு. அறிவிப்பாளர் மெல்லிய குரலில் "நன்றி, அமருங்கள்" என்பார். அது வராமல் ஒருவரும் முதலில் இருக்கமாட்டார்கள். அறிவிப்பாளரோ என் ஏற்பாட்டின்படி கேற்றடியில் ரோல்ஸோடு நின்றார்.

மௌனம் நீண்டது. ஒலிபெருக்கிக்காரன் யோகன் மட்டும் பதறுவது தெரிந்தது. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து, தன் பெட்டியில் இருந்த பித்தான்கள் எல்லாவற்றையும் கடைசி வரைக்கும் மேலே தள்ளிக்கொண்டிருந்தான்.

அப்போது பின்கதவு திறந்தது. சத்தம் நின்றுவிட்டது, நிகழ்ச்சி முடிந்தது என்று முடிவுகட்டிய மாஸ்ரர் தலைவரை உள்ளே விட்டிருந்தார். பொன்னாடையையும் கேற்றடியிலேயே போர்த்தி முடித்திருந்தார். தலைவர் வாசலில் நின்று மண்டபத்தைப் பார்த்தார். அத்தனை பேரும் எழுந்து, தலை குனிந்து, மூச்சுக்கூட விடாமல் நிற்கிறார்கள். அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். இரு கைகளையும் கூப்பிக்கொண்டு, இடமும் வலமும் தலையாட்டிக்கொண்டு, நடுவால் நடந்து வந்தார். முன்வரிசையில் சுதனின் அம்மாவுக்கு முன்னால் நின்றார்.

"இருங்கோ அம்மா, இருங்கோ. எனக்காக எழும்பத் தேவையில்லை."

அம்மா தலையை நிமிர்த்திப் பார்த்தார். "தம்பி, நாங்கள் உமக்கு எழும்பேல்லை" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. தலைவர் அதற்குள் படியேறிவிட்டார். சுதனுக்கு முன்னால் இருந்த மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

"என்ன அன்பு! நான் உள்ளுக்க காலடி எடுத்து வைச்ச உடனேயே முழு மண்டபமும்..."

திரும்பக் கதிரையில் இருந்ததும் முன்னால் சரிந்ததும் எனக்கு நினைவில்லை. விரல்களால் அழகாகப் பிரித்துப் போட வேண்டிய அந்தச் சுரக்கூட்டை நான் இரண்டு முழங்கைகளாலும் போட்டேன். பழகியது அது அல்ல. அதற்குச் சங்கீதத்தில் பெயரும் இல்லை. யோகன் எல்லாவற்றையும் மேலே தள்ளி வைத்திருந்தான் அல்லவா? கூரை அதிர்ந்தது. வெளியே கலியாண வீட்டாரின் மணவறைப் பூக்கள் கொட்டியதாகப் பிறகு சொன்னார்கள். தலைவர் மைக்கைப் போட்டுவிட்டு, பொன்னாடையோடு பெரிய டிரம்முக்குப் பின்னால் குந்திக்கொண்டார். சனத்திலும் சிலர் சண்டைக் காலத்துப் பழைய பழக்கத்தில் சட்டென்று நிலத்தில் குனிந்தார்கள். எழுதும்போது எனக்குச் சிரிப்பு நிற்கும் இடம் இது ஒன்றுதான்.

ரிஸ்வான் ஒழுங்கான ஆள். அந்தச் சுரக்கூட்டுக் கேட்டால் தான் தொடங்க வேண்டும் என்று பழகியவன், தொடங்கினான். சுதன் மைக்கை நிலத்திலிருந்து எடுத்துக்கொண்டு நுழைந்தான். கடைசிப் பகுதியை நாங்கள் ஒருநாளும் அப்படி வாசித்ததில்லை. மூன்று பேருக்கும் கோபம், மூன்று பேருக்கும் ஒரே கோபம். சுதன் பாடினானா கத்தினானா என்று என்னால் சொல்ல முடியவில்லை. தலைவர் தலையைத் தூக்கப் பார்க்கும்போதெல்லாம் ரிஸ்வானின் தடி காதோரம் பறந்தது. "வேணுமெண்டு செய்யேல்ல அண்ணன், அந்த இடத்தில தாளம் அப்பிடித்தான் வருகுது" என்று அவன் பிறகு சத்தியம் செய்தான். கலம் கோள்களைத் தாண்டிப் போய் முடிந்தபோது கைதட்ட ஒருவரும் இல்லை. சனம் பின்கதவால் போய்க்கொண்டிருந்தது. மாஸ்ரர் மட்டும் வாசலில் நின்று, கடமை தவறாமல், "நன்றி, அமருங்கள்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து நாட்குறிப்பில் இரண்டே சொற்கள் எழுதினேன்: "மழை இல்லை." அதற்குமேல் பேனை ஓடவில்லை.

சங்கத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். மண்டப விதிகளில் புதிதாக ஒன்றைச் சேர்த்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்: மௌனத்தின் பின் வாத்தியம் வாசித்தல் முற்றாகத் தடை. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, வேண்டியவர்கள் போய்ப் பார்க்கலாம். சுதன் கனடா போனான். பழுதாய்ப் போன பதிவை, பழுது என்றே சொல்லி, ஒஸ்லோவுக்கு அனுப்பினோம். அந்த மனிதர் ஒன்றையும் வெட்டாமல் வெளியிட்டார். ஊர் பேர் தெரியாதவர்கள் கேட்டார்கள், கேட்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பிடித்த இடம் எது தெரியுமா? சனிக்குப் பின்னால் கேட்கும் அந்த மனிதக் குரல். வேற்றுக்கோளின் அதிகாரி ஒருவர் வந்து பேசுவதுபோல் இருக்கிறதாம். அதை எழுதியவர் யார் என்று என்னிடமே கேட்டு எழுதுகிறார்கள்.

இதை யாரோ தலைவரின் காதில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் மாறிவிட்டார். கலியாண வீட்டில், செத்த வீட்டில், எங்கே கண்டாலும் போனை எடுத்து அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டுகிறார். "வெளிநாட்டு றெக்கோட்டில நானும் குரல் குடுத்திருக்கிறன். தம்பிதான் கெஞ்சிக் கேட்டவர்" என்கிறார். என் முகத்துக்கு நேரேயே சொல்கிறார். தம்பி என்பது நான். இனி நீங்களே சொல்லுங்கள், இந்த மனிதர் எப்படி என்னை விட்டு வெளியேறுவார்?

சுதனின் அம்மா ஒருநாள் வீட்டுக்கு வந்து முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்து, தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்கள் வாசிச்சது எனக்கு விளங்கேல்லை தம்பி. வாசிக்காமல் இருந்ததுதான் நல்லாயிருக்கு." மூன்று வருட உழைப்புக்குக் கிடைத்த விமர்சனங்களில் நான் மறுக்க முடியாதது அது ஒன்றுதான்.

கோபம் வந்தால் நான் கத்துவதில்லை. பேசாமல் இருந்துவிடுவேன். இரவுச் சாப்பாட்டில் நான் அப்படி உம்மென்று இருந்தால், மகள் கதிரையை மெதுவாகப் பின்னால் தள்ளி எழுந்து, கைகளைக் கட்டித் தலை குனிந்து நிற்பாள். வாசுகி குசினி வாசலில் தோளில் துவாயைப் போர்த்துக்கொண்டு, இரு கைகளையும் கூப்பி, தலைவரின் குரலிலேயே சொல்வாள்: "இருங்கோ பிள்ளை, இருங்கோ. எனக்காக எழும்பத் தேவையில்லை."

நான் இரண்டு முழங்கைகளையும் மேசைக்குமேல் மெதுவாகத் தூக்குவேன். உடனே இருவரும் தங்கள் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவார்கள்.